நான் கண்ட போர்ப்படங்கள்

சங்கத்தில் அன்பர்கள் நால்வர் கூடினால் திரைப்படப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. அண்மையில் ஒரு மாலை, போர்ப்படங்களுள் சிறந்தது எது என்ற வழக்கு மூண்டது. இளைஞர்கள் பீரங்கியையும் விமானத்தையும் கொண்டு படத்தை எடை போட்டனர். முதியோர் நடிப்பைக் கொண்டு அளந்தனர். என் கட்சி வேறு. களத்தையே கண்டிராத ஒரு வீட்டிற்குள் போர் எவ்வாறு நுழைகிறது என்பதை எந்தப் படம் காட்டுகிறதோ, அதுவே என் நெஞ்சில் நிலைக்கிறது. என் குடும்பத்து வரலாறும் இதற்குக் காரணமாதலின், அதனையும் உடன் சொல்லிவிடுகிறேன்.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஜப்பானியர் படையெடுத்து வருவர் என்ற அச்சத்தால் சென்னை மக்கள் இலட்சக்கணக்கில் ஊரை விட்டு வெளியேறினர். மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம், புலி முதலிய கொடிய விலங்குகளைக்கூடச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த நெரிசலில்தான், பன்னிரண்டு வயதுச் சிறுமியாயிருந்த என் அன்னையார் தம் தாயாருடன் இரயிலேறிச் சித்தூருக்கு வந்து சேர்ந்தார். பாட்டனார் உத்தியோகத்தின் பொருட்டுச் சென்னையிலேயே தங்கிவிட்டார். 1943 அக்டோபர் 11ஆம் நாள் இரவு, ஜப்பானிய விமானம் ஒன்று சென்னைத் துறைமுகப் பகுதியில் குண்டு வீசிச் சென்றது. சேதம் பெரிதன்று. ஆயினும் பாட்டனாரின் கடிதம் வந்து சேரும்வரை வீட்டில் ஒழுங்காக உலை ஏறவில்லை என்று அன்னையார் சொல்வார்.

அந்தக் குண்டுவீச்சைப் பின்னணியாகக் கொண்டு ஏவி.எம். நிறுவனத்தார் 1954இல் வெளியிட்ட படமே ‘அந்த நாள்’. இயக்கியவர் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர். இசைவாணர் எடுத்த படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை! அக்காலத்து மக்களுக்கு அது பெரும் ஏமாற்றமாயிற்று, வசூலும் குறைந்தது. சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன் ஒரு வானொலிப் பொறியாளன். தன் அறிவை நாடு மதிக்கவில்லை என்ற கசப்பினால் பகைவனுக்கு இரகசியங்களை விற்கிறான். படம் தொடங்கியதுமே சுடப்பட்டு விழுகிறான். சுட்டவர் யார் என்ற விசாரணையே எஞ்சிய கதை. துப்பறியும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமனே திரைக்கதை வசனமும் எழுதினார். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ படத்தில் போல, ஒவ்வொருவர் வாய்மொழியிலும் நடந்தது வெவ்வேறாகத் தோன்றுகிறது. இறுதியில் உண்மை வெளிப்படும்போது, நாட்டுப்பற்று மிக்க மனைவி உஷாவின் கையில் துப்பாக்கி இருக்கிறது. பண்டரிபாயின் முகத்தை அவ்விடத்தில் பார்க்க வேண்டும்!

இப்படத்தைப் பல ஆண்டுகள் கழித்து என் அன்னையாருடன் தொலைக்காட்சியில் கண்டேன். “நாங்களெல்லாம் ஆகாயத்திலிருந்து குண்டு விழும் என்று பயந்தோம். இவளுக்கு வீட்டுக்குள்ளேயே விழுந்துவிட்டதே!” என்றார். இதனினும் சிறந்த விமரிசனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

1962இல் நிகழ்ந்த சீனப் போரை வைத்து மறு ஆண்டே வந்தது ‘இரத்தத் திலகம்’. தாதா மிராசி இயக்கம். சிவாஜியும் சாவித்திரியும் நடித்தனர். கவிஞர் கண்ணதாசன் பாடல்கள் எழுதியதோடு தாமே திரையிலும் தோன்றினார். உண்மையைச் சொன்னால், அதன் போர்க்காட்சிகள் இன்று சற்றே பொம்மலாட்டம் போலத் தோன்றுகின்றன. ஆனால் கல்லூரி மாணவர் பிரியும்போது பாடும் பாட்டு மட்டும் பழையதாகவில்லை. மறுபடி சந்திப்போமா என்று அறியாமல் பிரிவதுதானே போரின் முதற்காட்சி?

அந்தப் பிரிவு எங்கள் வீட்டிற்கும் வந்தது. 1971இல் என் தமையனார் பட்டாளத்தில் சேர்ந்து கிழக்கு எல்லையில் இருந்தார். டிசம்பர் 3ஆம் நாள் தொடங்கிய போர் 16ஆம் நாள் முடிந்தது, கடிதம் வரவில்லை. அடுத்த மாதம் ஒரு தந்தி வந்தது. அன்னையார் அதனை வாங்கிச் சுவாமி படத்தின் முன் வைத்துவிட்டுத் தூணோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பிரிக்கவும் இல்லை, எங்களைத் தொடவிடவும் இல்லை. அரைமணி நேரம் கழித்து, அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மையார் வந்து, “அக்கா, நான் படிக்கிறேன்” என்று பிரித்தார். பொங்கலுக்கு விடுப்பில் வருவதாகத் தமையனார் தெரிவித்திருந்தார். அந்த அரைமணி நேரத்திற்கு ஈடான காட்சியை எந்தப் படத்திலும் நான் கண்டதில்லை.

ஆந்திர மண்ணில் வாழும் நமக்கு இருமொழிப் படங்களும் உரியன. 1971இல் விசாகப்பட்டினத்தை அடுத்த கடலில் பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கிய நிகழ்ச்சியை வைத்து எடுத்த ‘காஜி’ 2017இல் வெளிவந்தது. அக்கப்பலுக்குள் மனிதர் மூச்சையடக்கிக் காத்திருப்பது மிக நன்றாக அமைந்திருந்தது. 2015இல் வந்த ‘கஞ்செ’ என்னை இன்னும் ஈர்த்தது. கஞ்செ என்றால் வேலி. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் போரிடும் தெலுங்கு வீரனின் கதையோடு, அவன் கிராமத்தைச் சாதி இரண்டாகப் பிளந்த வேலியின் கதையையும் இயக்குநர் கிரிஷ் பின்னியிருக்கிறார்.

2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ படத்திற்குத் தமையனாரையும் அழைத்துச் சென்றேன். 2014 ஏப்ரலில் காஷ்மீரத்தில் வீரமரணம் எய்தி, அசோக சக்கரம் வழங்கப்பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் வரலாறு அது. பெரும்பாலும் மனைவியின் நினைவாகவே கதை செல்கிறது. சாய் பல்லவி அழுகையை அடக்கும் இடங்களில் கொட்டகையே அடங்கியிருந்தது. தமையனார் வழிநெடுகப் பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “அன்று நம் வீட்டில் டெலிபோன் இல்லாததே நல்லதாயிற்று, தம்பி” என்றார்.

நம் அண்டையிலேயே திரைக்குரிய போர்க்கதை ஒன்று உண்டு. 1782 டிசம்பரில், ஆங்கிலேயருடன் போர் நடந்துகொண்டிருக்கையில், சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஹைதர் அலி நோயால் இறந்தார். மகன் திப்பு மேற்குக் கடற்கரையில் இருந்தார். செய்தி பரவினால் படை கலையும் என்று அஞ்சிய அதிகாரிகள், உடலை நறுமணப் பொருள்களோடு பெட்டியில் வைத்து, விலையுயர்ந்த பொருள் செல்வது போலக் காவலுடன் அனுப்பிவிட்டனர். ஹைதர் உயிரோடிருப்பதாகவே பாசறையில் நாள்கள் நகர்ந்தன. இதைப் படமாக்குவோர் யானைகளையும் பீரங்கிகளையும் எவ்வளவு வேண்டுமானாலும் காட்டட்டும். நான் பார்க்க விரும்புவது, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமல் அந்தப் பெட்டியோடு நடந்த காவலர்களை.