ஸ்டியரிங்கில் ஒட்டிய பொட்டு

“உங்க கையில பலம் பத்தல மதினி. வேற ஒண்ணுமில்ல.”

இலஞ்சியிலிருந்து தென்காசி வரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, கொழுந்தன் கார் சாவியை மேஜைமேல் வைத்தான். அவள் பதில் பேசவில்லை. வலது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கணவர் துபாயில். மாமனாருக்கு வாரம் இரண்டு நாள் தென்காசியில் டயாலிசிஸ். ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல்தான் 11 வருடம் ஓடிய அந்தச் சின்னக் காரை வாங்கினார்கள். எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங். “ஒத்தை விரலால திருப்பலாம்” என்று சொல்லித்தான் விற்றார்கள். வந்த நாள் முதல் அவளுக்கு இரண்டு கையும் போதவில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் இப்படி இருந்ததில்லையே என்று கேட்டால், “புதுசா ஓட்டுறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். அவளும் நம்பிவிட்டாள். காலையில் தோளுக்கு உடற்பயிற்சிகூடச் செய்தாள்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய ஜூன் மாதம். சாலையெங்கும் வெளியூர் வேன்கள். டயாலிசிஸ் முடிந்து மாமனாரைப் பின்சீட்டில் படுக்கவைத்து வந்துகொண்டிருந்தாள். இலஞ்சி விலக்கில் திருப்பினாள். வளைவு முடிந்தும் ஸ்டியரிங் நேருக்குத் திரும்பவில்லை. திருகிய இடத்திலேயே நின்றது. கார், ரோட்டோரம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருந்த கடையை நோக்கிப் போனது. பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது பழக்கூடைக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. கடைக்கார அம்மா திட்டக்கூட இல்லை. அவள் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

மறுநாளே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார்கள். “பவர் ஸ்டியரிங் காலி. முழு செட்டையும் மாத்தணும். 28,000 ஆகும்” என்றார். காரை விற்றுவிடலாம், பழையபடி ஆட்டோவே போதும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

அன்று இரவு மாமனார் கூப்பிட்டார். 30 வருடம் அரசு பஸ் ஓட்டியவர். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு மலைப்பாதையில் பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டிகளைத் திருப்பிய கை அது.

“கையில பலம் இல்லேன்னா, சுத்துற சுத்து முழுக்க ஒரே மாதிரில்லா கஷ்டமா இருக்கணும்? உனக்கு எப்படி இருக்கும்மா?”

“கொஞ்ச தூரம் லேசா வருது மாமா. திடீர்னு ஒரு இடத்துல கட்டை விழுந்த மாதிரி நிக்குது. இழுத்துத் திருப்புனா, மறுபடியும் லேசாயிருது.”

“அப்போ அது உன் கை இல்ல. வண்டி. எந்த இடத்துல நிக்குதுன்னு மட்டும் பாத்துட்டா போதும்.”

காலையில் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதலில் டயர் காற்று. காற்று குறைந்தாலும் ஸ்டியரிங் கனக்கும். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன அளவு சரியாகவே இருந்தது. அடுத்து மீட்டரில் ஸ்டியரிங் விளக்கு. சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைந்தது. விளக்கு அணையாமல் நின்றால்தான் மோட்டார் பக்கமும் மின்சாரப் பக்கமும் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பிறகு பக்கத்து வீட்டு டிரைவர் தம்பியை அழைத்தார். ஜாக்கி போட்டு முன்சக்கரம் இரண்டையும் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுக்கச் சொன்னார். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். எஞ்சின் ஓடக் கூடாது. சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டு மட்டும் விடுபட வேண்டும். சக்கரம் தரையில் படாததால், இனி ஸ்டியரிங் இறுகினால் டயரைக் குறை சொல்ல முடியாது.

“உன் பொட்டு அட்டையை எடுத்துட்டு வாம்மா. மெதுவாத் திருப்பு. எங்க இறுகுதோ, அப்ப ஸ்டியரிங்ல எந்த இடம் உச்சியில இருக்கோ, அங்க ஒண்ணு ஒட்டு.”

ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மூன்றரைச் சுற்று. ஏழு இடத்தில் இறுகியது. ஏழு பொட்டு ஒட்டினாள். முடித்துவிட்டுப் பார்த்தால், ஏழும் இரண்டே இடத்தில் குவிந்திருந்தன. ஒன்றுக்கு நேர் எதிரே மற்றொன்று.

மாமனார் சிரித்தார். “ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை. இது கிராஸ் ஜாயிண்ட். ரேக்ல கோளாறுன்னா மொத்தத்துக்கும் ஏதாவது ஒரு இடத்துலதான் பிடிக்கும், பெரும்பாலும் நேரா போற இடத்துல. ஸ்ட்ரட் பேரிங்னா சுருள் ஸ்பிரிங் ‘டொய்ங்’னு சத்தம் போடும்.”

ஸ்டியரிங்கிலிருந்து கீழே ரேக் வரை போகும் தண்டு நேர்க்கோடாக இருக்காது. மடங்கும் இடங்களில் கூட்டல் குறி போன்ற ஒரு சிறு இரும்புத் துண்டு இணைக்கும். 17-ஆம் நூற்றாண்டு விஞ்ஞானி ராபர்ட் ஹூக் பெயரால் ‘ஹூக் ஜாயிண்ட்’ என்றும் அதைச் சொல்வார்கள். அதன் நான்கு முனையிலும் ஊசி பேரிங்குகள். அவற்றில் கிரீஸ் வற்றித் துரு ஏறினால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை அது மடங்க மறுக்கும். வளைவு முடிந்ததும் சக்கரம் தானாக நேருக்கு வர முயன்றாலும், இந்த இறுக்கம் விடாது. விலக்கில் நடந்தது அதுதான். கொழுந்தனுக்கு இது பிடிபடாததற்கும் காரணம் உண்டு. பலமான கை, ஒரே ஒரு ஓட்டம், மெதுவாகப் போகும்போது மோட்டாரும் அதிகம் உதவும்.

வேறொரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனார்கள். பொட்டுகளைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஸ்டியரிங்கை நேராக வைத்து அசையாமல் கட்டினார். தண்டைக் கழற்றிய நேரத்தில் அது சுற்றிவிட்டால் ஏர்பேக்குக்குப் போகும் சுருள் கேபிள் அறுந்துவிடும். மாட்டும்போது இடம் மாறாதிருக்கக் குறி போட்டுவிட்டுத் தண்டை வெளியே எடுத்தார். மேல் ஜாயிண்ட் தொங்கி ஆடியது. கீழ் ஜாயிண்ட் மடக்கிய இடத்திலேயே நின்றது. தட்டினால் செம்மண் போலத் துரு உதிர்ந்தது. ரேக்கைக் கையால் திருப்பிப் பார்த்தார். எங்கும் தட்டவில்லை.

“மழையில ரொம்ப நாள் சும்மா நின்ன வண்டி போல. எண்ணெய் அடிச்சா நாலு நாளைக்கு லேசா இருக்கும், திரும்பப் பிடிச்சுக்கிடும். மாத்திருங்க” என்றார். புதுத் தண்டு, புது போல்ட், கூலி, வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குள் முடிந்தது.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெயின்ட்டையும் சீட்டையும் பார்க்கும் நேரத்தில் ஒரு காரியம் செய்யலாம். ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். இடையில் எங்காவது தட்டுகிறதா, வளைவு முடிந்ததும் தானாக நேருக்கு வருகிறதா என்று கவனியுங்கள். ஓட்டுகிறவர் ‘கனக்கிறது’ என்றால், எந்த இடத்தில் என்று கேளுங்கள்.

அடுத்த டயாலிசிஸ் நாளன்று இலஞ்சி விலக்கில் திருப்பிவிட்டு, அவள் பிடியைச் சற்றே தளர்த்தினாள். ஸ்டியரிங் உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு தானாக நேருக்கு வந்தது. பின்சீட்டில் மாமனார் தூங்கிப்போயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். காரை எடுத்து ஐந்தருவி வரை போய்விட்டு வந்தான்.

“என்ன மதினி, ஸ்டியரிங் இவ்வளவு லேசா இருக்கு? அது என்ன, பொட்டெல்லாம் ஒட்டியிருக்கு?”

“ஒண்ணுமில்ல, என் கைக்குப் பலம் வந்துட்டு” என்றாள் அவள்.