பாக்கி எதுவும் இல்லை

'காதல் விவகாரத்தில் கொலை' என்று பேப்பரில் தலைப்பு போடுகிறார்கள். கொலை சரி. காதல் எங்கே சார் வந்தது அதில்?

அமெரிக்காவில், பெர்க்லியில் இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் கட்டும் படிப்புக்காக 1967-ல் போனான் ப்ரொசென்ஜித் போதார். வங்காளத்து இளைஞன். 1968-ல் அங்கே நாட்டுப்புற நடன வகுப்பில் தாத்தியானா தரசாஃப் என்ற பெண் அறிமுகமானாள். வாரா வாரம் பார்த்தார்கள், பேசினார்கள். புது வருஷ ராத்திரி அவள் ஒரு முத்தம் கொடுத்தாள். அவளுக்கு அது 'ஹேப்பி நியூ இயர்'. நம்ம ஆளுக்கு நிச்சயதார்த்தம்!

விஷயம் தெரிந்ததும் அவள் நேராகவே சொல்லிவிட்டாள்: "வேறு ஆண்களோடும் பழகுகிறேன். உன்மேல் அந்த மாதிரி எண்ணமில்லை." இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்வாள்?

அவன் படிப்பை விட்டான், உடம்பைக் கவனிப்பதை விட்டான். அவளோடு பேசியதையெல்லாம் டேப் செய்தான். தன்னை அவள் ஏன் காதலிக்கவில்லை என்று கண்டுபிடிக்கவாம்!

நான் பி.காம். என் லெட்ஜரில் உங்கள் பேரில் ஐயாயிரம் வரவேண்டியது என்று நானே எழுதிக்கொள்கிறேன். உங்கள் லெட்ஜரில் அப்படி ஒரு வரியே கிடையாது. நீங்கள் கடன் வாங்கினால்தானே இருக்கும்? நியாயமாக நான் என் புத்தகத்தில் அடித்துவிட வேண்டும். அடிக்காமல் வட்டியும் போட ஆரம்பித்தால்?

அதுதான் நடக்கிறது. 'இவள் வேண்டும்' என்ற ஆசை, 'இவள் கிடைத்தால்தான் நான் ஆம்பளை' என்று மாறிவிடுகிறது. அப்புறம் 'இல்லை' என்பது பதிலாகக் கேட்பதில்லை, அவமானமாகக் கேட்கிறது. நினைக்க நினைக்க வட்டி ஏறுகிறது. பின்தொடர்கிறவர்களை 1999-ல் ஐந்து வகையாகப் பிரித்தார்கள் ஆஸ்திரேலிய மனநல டாக்டர் பால் முல்லனும் அவர் குழுவினரும். அதில் 'நிராகரிக்கப்பட்டவர்' என்ற வகைக்கு அவள் திரும்பியும் வரவேண்டும், பழியும் வாங்கவேண்டும். இரண்டும் ஒரே மனசில்.

ஒரு நண்பன் சொல்லித்தான் போதார் மனநல நிபுணரிடம் போனான். கொல்லப்போவதாக அங்கே சொல்லியும்விட்டான். நிபுணர் பல்கலைக்கழக போலீஸுக்குத் தெரிவித்தார். அவர்கள் பிடித்து விசாரித்து, 'தெளிவாகத்தானே பேசுகிறான்' என்று, அவளிடமிருந்து விலகியிருப்பதாக வாக்குறுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பிரேசில் போயிருந்த சமயத்தில் அவளுடைய சகோதரனோடேயே சேர்ந்து வீடெடுத்துத் தங்கினான். அவள் திரும்பி வந்த பிறகு, 1969 அக்டோபர் 27 அன்று, வீடு தேடிப் போய்க் கொன்றான்.

ஆபத்து தெரிந்தால் சம்பந்தப்பட்டவரைக் காப்பாற்ற நடவடிக்கை எடுப்பது மனநல நிபுணரின் கடமை என்று 1976-ல் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. அவளுக்குத்தான் லேட்.

இப்போது டேப்ரிக்கார்டர் வேண்டாம், பாக்கெட்டிலேயே இருக்கிறது. எங்கள் ஆபீஸ் பையன் ஒருவன் அப்படித்தான் ஒரு பெண்ணின் வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை போட்டுக் காட்டினான். "அண்ணே, இல்லைன்னு சொல்ற டோனைப் பாருங்க. உள்ள ஆமான்னு இருக்கு!" எனக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது. "இல்லைன்னுதான்டா சொல்றா." இரண்டு வாரம் என்னை டீக்குக் கூப்பிடவில்லை. அப்புறம் நானே கூப்பிட்டு, பேசிப் பேசி, அந்த நம்பரை அழிக்க வைத்தேன். 'விடாதே மச்சி' என்று உசுப்பிவிட நாலு பேர் இருந்தார்கள். அவர்களும் நண்பர்கள்தானாம்!

விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் துரத்தினால் 2013 முதலே அது தனிக் குற்றம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவில் முதல் தடவைக்கே மூன்று வருஷம் வரை ஜெயில்.

ஜெயிலுக்கு முன்னால் ஒரு கதவு இருக்கிறது. 14416, அரசாங்கத்தின் டெலி மானஸ் எண். இலவசம். ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அந்த வாய்ஸ் மெசேஜை நாலாவது தடவை போடுவதற்கு முன்னால் ஒரு போன் போடுங்களேன்.