அடுப்பின் மூச்சு

தீயின் துணையின்றி மனித வாழ்வு இல்லை. உணவு சமைக்கவும், இருளை நீக்கவும், குளிரை ஓட்டவும் நாம் தீயை நாடுகின்றோம். ஆயினும் நாள்தோறும் நமக்கு ஏவல் செய்யும் தீயின் இயல்பை நம்முள் எத்துணைப் பேர் நன்கு அறிந்திருக்கின்றோம்? தீ எதனை உண்டு வாழ்கிறது என்று வினவினால், ‘விறகை’ என்றோ ‘எண்ணெயை’ என்றோ உடனே விடை கூறிவிடுவோம். அது பாதி விடையே ஆகும். மற்றைப் பாதியை நான் ஏட்டில் கற்கவில்லை. ஓர் எண்ணெய் அடுப்பினிடம் கற்றேன். அக்கல்விக்கு நான் கொடுக்க இருந்த விலை மிகப் பெரிது.

1986ஆம் ஆண்டில் உதகமண்டலத்தில் தமிழாசிரியர் பணி ஏற்றேன். அப்பொழுது எனக்கு இளம் பருவம். தந்தையார் மறைந்துவிட்டமையால், முதுமை எய்திய அன்னையாரையும் உடன் அழைத்துச் சென்றேன். தஞ்சை வயல்வெளிகளின் வெயிலில் வாழ்ந்து பழகியவர் அவர். உதகையோ கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். மார்கழித் திங்களில் அங்கே விடியற்காலையில் புல்வெளியெல்லாம் உறைபனி படிந்து, உப்பைத் தூவியது போல வெண்மையாய்க் காட்சி தரும். காண்பதற்கு அது இனியது. முதியோர் உடலுக்கோ பெருந்துன்பம். கம்பளி இரண்டு போர்த்தும் அன்னையாரின் கால்கள் இரவெல்லாம் விறைத்துக் கிடந்தன. பழைய மாளிகைகளில் சுவரோடு சேர்த்துக் கட்டிய கணப்புகளும், புகையை வெளியேற்றும் கூண்டுகளும் உண்டு. நாங்கள் குடியிருந்த சிறு வீட்டில் அவை இல்லை.

ஒருநாள் கோயம்புத்தூருக்குச் சென்றபோது, பழைய பொருள்கள் விற்கும் கடை ஒன்றில் மண்ணெண்ணெயால் எரியும் அறைவெப்ப அடுப்பு ஒன்றைக் கண்டேன். அது முழங்கால் உயரம் இருக்கும். அடியில் வட்டமான எண்ணெய்த் தொட்டி. தொட்டியின் நட்டநடுவே, மேலும் கீழும் திறந்த ஒரு குழல். அதனைச் சுற்றி மற்றொரு குழல். இரு குழல்களுக்கும் இடையேயுள்ள சிறு இடுக்கில் பருத்தி நூலால் நெய்த வளையமான திரி. பக்கத்தில் உள்ள திருகைச் சுழற்றினால் திரி ஏறும். மாற்றிச் சுழற்றினால் இறங்கும். உட்குழலின் உச்சியில், பல துளைகள் இட்ட சிறு மூடி ஒன்று இருந்தது. இவை யாவற்றிற்கும் மேலே நெடிய இரும்புக் கூண்டு நின்றது. கடைக்காரர் அடுப்பை ஏற்றிக் காட்டினார். நீலச் சுடர் ஒன்று வளையமாக எழுந்தது, புகை இல்லை, மணமும் மிகுதியாக இல்லை. மகிழ்ந்து விலை கொடுத்து வாங்கி வந்தேன்.

வீட்டிற்கு வந்ததும் அடுப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆராய்ந்தேன். தொட்டியின் நடுவே இருந்த துளை எனக்கு வியப்பைத் தந்தது. அத்துளை இல்லையாயின் இன்னும் கால் படி எண்ணெய் கொள்ளுமே! செய்தவன் இடத்தை வீணாக்கினானே என்று எண்ணினேன். பின்னர், எண்ணெய் கசிந்து தீப்பற்றினால் என் செய்வது என்று அஞ்சி, அகன்ற பித்தளைத் தாம்பாளம் ஒன்றில் ஆற்று மணலைப் பரப்பி, அடுப்பின் குட்டையான கால்கள் புதையும்படி அதில் ஊன்றி வைத்தேன். அடித் துளையை மணல் மூடிற்று. வாடைக் காற்று நுழையாதபடி சன்னலின் இடுக்குகளில் பழைய செய்தித்தாளைக் கிழித்து ஒட்டினேன். கதவின் அடியில் கோணியைச் சுருட்டி வைத்தேன். இத்துணையும் செய்துவிட்டு, என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடையில், கூதிர்க் காலத்து மக்கள் கதவைத் தாழிட்டு, தடவில் இட்ட நெருப்பில் குளிர் காயும் காட்சி ஒன்று உண்டு. தடவு என்பது நெருப்பு இடுவதற்குரிய அகன்ற வாயுடைய கலம். இக்காலத்தார் அதனைக் கணப்புச் சட்டி என்பர். அக்காட்சியை விளக்குவதில் எனக்குத் தனி இன்பம் உண்டு. அன்று மாலை அடுப்பை ஏற்றியபொழுது, சங்க காலத்து இல்லம் ஒன்றில் அமர்ந்திருப்பதாகவே எண்ணிக்கொண்டேன். சொல்லுக்குப் பொருள் கூறத் தெரிந்த எனக்கு, நெருப்பு என்னும் பொருளின் இயல்பு தெரியாமற் போயிற்று.

கோயம்புத்தூரில் நீலமாய் எரிந்த சுடர், என் அறையில் மஞ்சளாய் எரிந்தது. நுனியில் கரி படர்ந்தது. திரி போதவில்லை போலும் என்று திருகைச் சுழற்றி மேலும் உயர்த்தினேன். சுடர் பெரிதாயிற்று, அறை வெதுவெதுப்பாயிற்று. “தம்பி, இன்றைக்குத்தான் என் கால் விறைப்பு விட்டது” என்று அன்னையார் மகிழ்ந்து கூறிக் கண்ணயர்ந்தார். நான் விளக்கடியில் அமர்ந்து மாணவரின் கட்டுரைகளைத் திருத்தத் தொடங்கினேன்.

இரவு பத்து மணி அளவில் எனக்குத் தலை கனத்தது. நாள் முழுதும் உழைத்த களைப்பு என்று கருதினேன். சன்னற் கண்ணாடியில் நீர்த்துளிகள் திரண்டு கோடுகோடாய் வழிந்துகொண்டிருந்தன. அறைச்சுவரும் ஈரமாய் இருந்தது. மழை இல்லாத இரவில் நீர் எங்கிருந்து வந்தது என்று எண்ணினேன். எண்ணம் மேலே ஓடவில்லை. எழுத்துகள் மங்கின. நெஞ்சில் குமட்டல் எடுத்தது. “அம்மா” என்று அழைத்தேன், மறுமொழி இல்லை. மீண்டும் அழைத்தேன், அவர் அசையவில்லை. எழ முயன்றேன்; கால்கள் ஏவலைக் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கதவை நோக்கி நகர்ந்தபோது, நீர்க்குடத்தின்மேல் விழுந்தேன். குடம் உருண்டு பேரொலி செய்தது.

அவ்வொலிதான் எங்களைக் காத்தது. அடுத்த வீட்டில் விளக்கும் அடுப்பும் பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் வாழ்ந்தார். ஊரார் அவரைப் ‘பாய்’ என்று அன்போடு அழைப்பர். அவர் ஓடிவந்து கதவை உதைத்துத் திறந்தார். உள்ளே வந்தவர் ஒரு சொல்லும் பேசாமல் முதலில் சன்னலைத் திறந்தார். பிறகு அன்னையாரைத் தூக்கிச் சென்று திண்ணையில் கிடத்தினார்; என்னையும் இழுத்துச் சென்றார்; அதன் பின்னரே அடுப்பை அணைத்தார். எந்தக் குளிரை நான் பகை என்று எண்ணிப் புறத்தே நிறுத்தினேனோ, அந்தக் குளிர்ந்த காற்றே அன்னையாரின் முகத்தில் வீசி அவர் உயிரை மீட்டது. அரை நாழிகைக்குப் பின் அவர் கண் விழித்து, “ஏன் என்னை வெளியே படுக்க வைத்தீர்கள்?” என்று கேட்டார். அவ்வினாவைக் கேட்ட மகிழ்ச்சியில் நான் குழந்தை போல் அழுதேன். மறுநாள் மருத்துவர் அவரைச் சோதித்து, அச்சம் இல்லை என்று கூறினார்.

அன்று மாலை பாய் என் அடுப்பைத் தம் பட்டறைக்கு எடுத்துச் சென்று, ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி என் முன் வைத்தார். நடுக்குழலைக் கையில் எடுத்து, அதன் வழியே என்னை நோக்கினார்.

“வாத்தியாரய்யா, இந்தத் துளை எதற்கு என்று தெரியுமா?”

“இடம் வீண் என்று எண்ணினேன், பாய்” என்றேன், நாணத்தோடு.

“இதுதான் அடுப்பு, மற்றவை எல்லாம் இதற்குக் காவல். எண்ணெய் அடுப்புக்குச் சோறு. காற்று அதற்கு மூச்சு. சோறு இல்லாமல் ஒருநாள் இருக்கலாம். மூச்சு இல்லாமல் இருக்க முடியுமா? நீங்கள் அடுப்பின் மூக்கை மணலால் அடைத்தீர்கள். வீட்டின் மூக்கைக் காகிதத்தால் அடைத்தீர்கள். மூச்சு முட்டிய அடுப்பு உங்கள் மூச்சை எடுத்துக்கொண்டது.”

பின்னர் அவ்வடுப்பின் அமைப்பை அவர் விளக்கினார். திரி தன் நூலிழைகளின் நுண்ணிய இடைவெளிகள் வழியே எண்ணெயை மேலே உறிஞ்சுகிறது. நுனியில் உள்ள வெப்பத்தால் எண்ணெய் ஆவியாகிறது. எரிவது எண்ணெய் அன்று, அவ்வாவியே. அவ்வாவிக்கு வெளிப்புறத்திலிருந்து மட்டும் காற்றுக் கிடைத்தால், உட்புறம் எரியாமல் கரியாகிவிடும். ஆகையால் நடுக்குழல் கீழிருந்து காற்றைக் கொணர்கிறது. உச்சியில் உள்ள துளை மூடி அக்காற்றைச் சிறுசிறு இழைகளாகப் பிரித்துச் சுடரின் உட்புறத்தில் செலுத்துகிறது. மேலே நிற்கும் கூண்டில் வெப்பக் காற்று விரைந்து எழும். எழுந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து புதுக்காற்று ஓடிவரும். இவ்வாறு ஊதுவாரின்றியே அடுப்பு தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. இரு பக்கமும் காற்றுப் பெற்ற சுடர் நீலமாய் எரியும். காற்றுக் குறைந்தால், எரியாத கரித்துகள்கள் வெப்பத்தால் ஒளிர்ந்து சுடரை மஞ்சளாக்கும். மஞ்சட் சுடர் அவ்வடுப்பு எழுப்பும் அபயக்குரல் ஆகும். அக்குரலைக் கேட்டும் நான் திரியை உயர்த்தி, மூச்சுத் திணறுபவன் வாயில் மேலும் சோற்றைத் திணித்தேன்!

மலையின் உயரமும் என் பிழைக்குத் துணை போயிற்று. உதகையில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கே. கோயம்புத்தூரில் சரியாக இருந்த திரியின் உயரம், மெலிந்த காற்றுடைய மலையில் மிகையாகும். அங்கே திரியைத் தாழ்த்த வேண்டும்.

இந்நிகழ்ச்சிக்குப் பின் நான் அறிவியல் நூல்களைத் தேடிப் படிக்கலானேன். நடுவே காற்று செல்லும் வளையத் திரியை முதன்முதலாக அமைத்தவர், ஜெனீவா நகரில் பிறந்த அமி ஆர்கண்ட் என்பவர் என்று அறிந்தேன். 1780ஆம் ஆண்டில் அவர் அதனை விளக்கிற்காக அமைத்தார். மண்ணெண்ணெய் அக்காலத்தில் வழக்கில் இல்லை; திமிங்கில எண்ணெயும் வித்துகளின் எண்ணெயுமே எரிந்தன. அதுவரை கெட்டியாக இருந்த திரியின் நடுவே ஒரு வெற்றிடத்தை வைத்ததே அவர் செய்த புதுமை. அதனால் அவ்விளக்கு பல மெழுகுதிரிகளின் ஒளியைத் தந்தது. எண்ணெயைக் கூட்டாமல், காற்றைக் கூட்டி வெற்றி கண்டார் அவர். என் அறையில் நின்ற அடுப்பு அவ்விளக்கின் வழித்தோன்றலே.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 12 கிலோகிராம் காற்று வேண்டும். அவ்வளவு காற்று கடற்கரை ஊரில் 10 கன மீட்டர் இடத்தையும், உதகையில் ஏறத்தாழ 13 கன மீட்டர் இடத்தையும் நிரப்பும். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் பத்தடியாக அமைந்த என் அறையின் கொள்ளளவு 28 கன மீட்டரே. ஆகவே, அடைத்த அறையில் ஒரு லிட்டர் எண்ணெய் எரிய, அறைக் காற்றில் ஏறக்குறையப் பாதி வேண்டியிருக்கும். அவ்வாறு எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரும் ஆவியாய்ப் பிறக்கும். கண்ணாடியில் வழிந்த நீர் எங்கிருந்து வந்தது என்னும் ஐயமும் நீங்கிற்று. புகையை வெளியேற்றும் குழாய் இல்லாத அடுப்பு, எரிந்த காற்று முழுவதையும் அறைக்குள்ளேயே விடும் என்பதையும் உணர்ந்தேன்.

காற்றுக் குறைந்து எரியும் தீயினின்று கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி பிறக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் பொருளோடு, உயிர்வளியைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு அது பற்றிக்கொள்ளும். தலைக்கனம், குமட்டல், சோர்வு, உறக்கம் என்று படிப்படியாக வரும் அதன் வருகையை, வெதுவெதுப்பு தரும் சுகம் என்றே மனம் மயங்கும். எண்ணெய் அடுப்பிற்கு மட்டுமன்று, கரி இட்ட கணப்புச் சட்டிக்கும் இது பொருந்தும். மூடிய அறையில் கரி நெருப்பு வைத்து உறங்கியவர்கள் விடியலில் எழாமற் போன செய்திகளை இன்றும் நாளிதழ்களில் படிக்கின்றோம். அவற்றைப் படிக்குந்தோறும், குடம் உருளாதிருந்தால் எங்கள் நிலையும் அதுவன்றோ என்று என் நெஞ்சு நடுங்கும்.

பாய் அடுப்பின் கால்களை உயர்த்தி, திரியை ஒழுங்காகக் கத்தரித்து, திருகு ஓரளவிற்கு மேல் ஏறாதபடி தடை ஒன்றும் வைத்துக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். “சன்னலை நான்கு விரல் திறந்து வையுங்கள், தூங்கும்முன் அடுப்பை அணைத்துவிடுங்கள். அதுவே என் கூலி” என்றார். அதன்பின் மூன்று குளிர்காலங்கள் அவ்வடுப்பு எங்களுக்கு உதவியது. திறந்த சன்னல் வழியே வாடை சிறிது நுழையும். “காற்று வருகிறதே, தம்பி” என்பார் அன்னையார். “வரட்டும், அம்மா” என்பேன் நான்.

நிலம், நீர், தீ, வளி, விசும்பு என்று ஐம்பூதங்களை வரிசையாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். தீக்கு அடுத்து வளி நிற்பதைப் பல்லாண்டு ஒப்பித்தும், தீக்கு வளியே உயிர் என்பதை ஓர் அடுப்புப் பழுது பார்ப்பவரிடமே கற்றேன். மாணவர்களே! கற்றவை எல்லாம் அறிந்தவை ஆகா. ஒரு கருவியில் வெற்றிடம் ஒன்றைக் காணும்போது, அதனை வீண் என்று தள்ளாது, அது எதற்கென ஒருமுறை கேளுங்கள். தீ எரியும் அறையில் சன்னலைத் திறந்து வையுங்கள்.