கி.ரா. மூணு தடவை எழுதின ஊரும், நான் எழுதாத ஏரியும்

ரெண்டு மாசமா எதுவும் எழுதல. ஒண்ணு ரெண்டு பேர் போன் பண்ணி, உடம்புக்கு ஏதாவதான்னு கேட்டீங்க. உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஒரே விஷயத்தை எழுதி எழுதிக் கிழிச்சுட்டு இருந்தேன், அவ்வளவுதான். அது என்னன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு பெரியவரைப் பத்திச் சொல்லணும்.

அம்பத்தூர் எஸ்டேட்டுல வேலை பார்க்கிற என் பொண்ணு, "அப்பா, இவரும் உன்ன மாதிரி கழனிக்காரர்தான், படிச்சுப் பாரு"ன்னு ஒரு புத்தகம் கொண்டாந்து குடுத்தா. கி. ராஜநாராயணன் எழுதின கோபல்ல கிராமம். கோவில்பட்டி பக்கத்துல இடைசெவல்னு ஒரு ஊர், அதுதான் அவர் ஊரு. பள்ளிக்கூடப் படிப்பு எட்டைத் தாண்டல. சின்ன வயசுல காசநோய் வேற படுத்தியிருக்கு. கரிசல் காட்டுல விவசாயம் பண்ணி, விவசாயிங்க போராட்டத்துல எல்லாம் கலந்துக்கிட்டு, முப்பது வயசுக்கு மேலத்தான் எழுத வந்தார். வாசகருங்க அவரை 'நைனா'ன்னு கூப்பிடுவாங்களாம். எங்க பக்கத்துலயும் அப்பாவை நைனான்னுதான் சொல்வோம். அந்த ஒரு வார்த்தையிலயே மனுஷன் எனக்கு ஒட்டிக்கிட்டார்.

கோபல்ல கிராமம் வந்தது 1976-ல. ஒரு பொண்ணைக் காப்பாத்த தெலுங்கு தேசத்தை விட்டு ராத்திரியோட ராத்திரியா ஓடிவந்த ஜனங்க, தெற்கே வந்து காட்டை எரிச்சு நிலம் திருத்தி, ஒரு ஊரை உண்டாக்கின கதை. மங்கத்தாயாரு அம்மாள்னு 137 வயசுப் பாட்டி ஒருத்தி, அந்தப் பழங்கதையைச் சொல்லிக்கிட்டு இருப்பா. வெள்ளைக்காரன் ஆட்சி வர்ற இடத்துல புத்தகம் முடியுது. வேற யாரா இருந்தாலும் அதோட விட்டிருப்பாங்க. அவர் விடல. அதே ஊரை வெச்சு கோபல்லபுரத்து மக்கள் எழுதினார். அது சுதந்திரம் வரைக்கும் வருது. அதுக்குத்தான் 1991-ல சாகித்திய அகாதெமி பரிசு. அப்பவும் விடல. சுதந்திரத்துக்கு அப்புறம் அந்த ஊர் என்ன லட்சணத்துல ஆச்சுன்னு அந்தமான் நாயக்கர் எழுதினார், 1995-ல. மொதல் புத்தகத்துக்கும் மூணாவதுக்கும் நடுவுல 19 வருஷம். இதுக்கு நடுவுல சும்மாவும் இருக்கல. கரிசல் சனங்க பேசற வார்த்தைங்களைத் தேடித் தேடிச் சேர்த்து ஒரு அகராதியே போட்டார். புதுச்சேரி பல்கலைக்கழகத்துல நாட்டுப்புறக் கதை சேகரிக்கிற பேராசிரியராவும் உக்காந்தார். எட்டு தாண்டாதவர்! 2021 மே 17-ஆம் தேதி புதுச்சேரியில காலமானார். 97 வயசு தாண்டிடுச்சு, கடைசி வரைக்கும் எழுதிட்டுத்தான் இருந்தார். அரசு மரியாதையோட இடைசெவல்லயே இறுதிச் சடங்கு பண்ணாங்க.

எனக்கு ஆச்சரியமா இருந்தது என்னன்னா, சொந்த ஊரைப் பத்தி எழுதறவர், ஊரைத் தூக்கி வெச்சுப் பேசல. கோபல்ல கிராமத்தோட ஆரம்பத்துலயே ஒரு கொலை. தாகத்துக்குத் தண்ணி குடிக்க ஊருணியில இறங்கின பொண்ணை, நகைக்காக ஒருத்தன் தண்ணிக்குள்ள அமுக்கிடறான். அவ சாகும்போது அவன் கால் பெருவிரலைக் கடிச்சுப் பிடிச்சுக்கறா. செத்தும் விடல. அவனால விரலை உருவ முடியல. மாட்டிக்கிட்டான். அப்புறம் ஊரு கூடி அவனைக் கழுவுல ஏத்துது. அந்தக் கொடுமையையும் நைனா மூடி மறைக்கல.

அந்தப் பெருவிரலைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. காரணம் இருக்கு.

ஆவடிக்கு மேற்கே ரயில்ல போனா திருநின்றவூர் வரும். அங்கதான் பூசலார் கோயில், இருதயாலீஸ்வரர். கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கோயில் கட்டக் காசில்லாத ஏழை பூசலார், மனசுக்குள்ளயே செங்கல்லு, சுண்ணாம்பு, தச்சன் எல்லாம் சேர்த்து, அஸ்திவாரம் தோண்டி, கோபுரம் எழுப்பி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறிச்சார். அதே நாள்லதான் பல்லவ ராஜா காஞ்சிபுரத்துல கட்டின கற்கோயிலுக்கும் கும்பாபிஷேகம். சிவன் ராஜா கனவுல வந்து, "நாளைக்கு நான் திருநின்றவூருக்குப் போகணும், நீ வேற நாள் பாரு"ன்னுட்டார். ராஜா ஓடிவந்து தேடினா, ஊர்ல கோயிலே இல்ல. ஒரு ஏழை மனுஷன்தான் இருக்கார். இதை எழுதின சேக்கிழாரும் இந்தப் பக்கத்துக்காரர்தான், பூந்தமல்லிக்கு அங்கிட்டு இருக்கிற குன்றத்தூர்.

கல்கி கூட இப்படித்தான். மாமல்லபுரம் கடற்கரையில ரசிகமணி டி.கே.சி.யோட உக்காந்திருந்தப்ப மனசுல விழுந்த சிவகாமியின் சபதத்தை, பன்னெண்டு வருஷம் சுமந்து இறக்கி வெச்சதா அவரே முன்னுரையில எழுதியிருக்கார். பூமணின்னு ஒருத்தர், அவரும் கோவில்பட்டிப் பக்கம், ஆயிரம் பக்கத்துக்கு மேல அஞ்ஞாடின்னு எழுதினார். 2012-ல வந்தது. கரிசல் பூமி ஆளுங்களுக்கு மழைதான் கம்மி போலிருக்கு, கதை பஞ்சமில்ல.

நமக்கு ஒரு கதைதான். அதையும் எழுத முடியல.

எங்க ஊரு பேரு வேண்டாம். ஆவடி 2019-ல மாநகராட்சி ஆனதுலேருந்து, எது ஊரு எது பிளாட்டுன்னு எனக்கே குழப்பம். அப்போ அது ஏரிப் பாசன ஊரு. சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு தண்ணியைப் பொறுத்துப் பட்டம். ஏரிக்கு ரெண்டு மதகு. ஒண்ணுல திருகு போட்ட ஷட்டர். இன்னொண்ணு பழசு. தண்ணிக்கு அடியில கல்லுல ஓட்டை, அதுல மரக்கட்டை அடைப்பு. மூச்சுப் பிடிச்சு மூழ்கித்தான் எடுக்கணும், மூழ்கித்தான் மூடணும். அந்த வேலையைச் செய்யறவர் நீர்கட்டி. எவன் கழனிக்கு எப்போ தண்ணி, எத்தினி நாழி, எல்லாம் அவர் கணக்கு. கார்த்திகை மழையில கரையிலயே படுத்துக் கெடப்பார். எலி வளை, நண்டு வளை எங்க இருக்குன்னு கால்லயே தெரிஞ்சுக்குவார். சம்பளம்னு காசு கிடையாது. அறுப்பு அறுத்ததும் களத்துமேட்டுல ஒவ்வொருத்தரும் காணிக்கு இவ்வளவுன்னு மரக்கால் கணக்குல நெல் அளந்து போடணும்.

அவர் சேரியில இருந்தவர். பத்துப் பதினோரு வயசுப் பையன் நான் அவரை "ஏய், இன்னா, வா"ன்னுதான் கூப்பிட்டேன். எங்க தாத்தா வயசு அவருக்கு. எழுதசொல்லத்தான் 'அவர்' வருது எனக்கு. வாயில அன்னிக்கு வரல.

1982 ஐப்பசி கார்த்திகையில மழை ஏமாத்திடுச்சு. அடுத்த வருஷம் மெட்ராஸே தண்ணிக்குத் திண்டாடினது பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏரியில பாதிக்கும் கம்மியா தண்ணி. அதை நம்பி நவரை நட்டாச்சு. பங்குனியில கதிர் பால் பிடிக்கிற நேரம். ஒரு தண்ணி இருந்தா நெல்லு, இல்லாட்டி பதரு. நீர்கட்டி சொன்னார், "கடைமடைக்கு மொதல்ல போவட்டும். தலைமடைக்கு ஈரம் இன்னும் ரெண்டு நாள் தாங்கும்." கணக்கு சரிதான். தலைமடையில கழனி இருந்தது எங்களுக்கு.

அன்னிக்கு ராத்திரி நைனா என்னை எழுப்பினார். "விளக்கை எடுத்துக்கினு வா." அரிக்கேன் விளக்கு. நான் பிடிச்சேன். நைனா கால்வாயில மண்ணு போட்டு அடைச்சு, எங்க மடையைத் திறந்தார். தண்ணி திரும்பற சத்தம் இருக்கே, சளக்குன்னு ஒரு சத்தம், அப்புறம் சத்தமே இருக்காது. விடிகாலை மறுபடியும் கூட்டிக்கினு போய், அடைச்சதை எடுத்துட்டார். சேத்து மேல கால் தடம் தெரியாம இருக்க வைக்கோலைப் போட்டு மிதிக்கச் சொன்னார். மிதிச்சேன்.

காலையில கடைமடைக்காரங்க வந்து பார்த்தா பொட்டுத் தண்ணி இல்ல. நீர்கட்டி எவன்கிட்டயோ காசு வாங்கிட்டான்னு பேச்சு. வேப்பமரத்தடியில பஞ்சாயத்து. "சாமி, நான் தெறந்தது தெறந்ததுதான். நடுவுல இன்னா ஆச்சுன்னு எனக்குத் தெரியல"ன்னார். அவருக்குத் தெரியும்னு நான் நினைக்கிறேன். எங்க கழனி ஈரம் ஒண்ணே போதுமே, அவர் கண்ணுக்கு. ஆனா சொல்லல. சொன்னா யார் நம்பப் போறாங்க? நைனா முன் வரிசையில உக்காந்திருந்தார். வாயைத் திறக்கல. நான் அவர் முதுகுக்குப் பின்னால நின்னேன்.

அந்த வருஷம் களத்துல அவருக்கு யாரும் நெல் அளக்கல. நாங்களும் அளக்கல. எங்க கழனி நல்லா விளைஞ்சது. சித்திரை முடியறதுக்குள்ள அவர் குடும்பத்தோட ஊரை விட்டுப் போயிட்டார். பழைய மதகு அதுக்கப்புறம் ஒழுங்கா மூடப்படவே இல்ல. மூழ்கற ஆளு கிடையாது. மூட்டை மூட்டையா மண்ணைப் போட்டு அடைச்சாங்க.

இதை மொதல்ல ஒரு நாப்பது பக்கம் நோட்டுல எழுதினேன், நைனா இருக்கும்போதே. அவர் கண்ணுல படாம அரிசி மூட்டைக்குப் பின்னால வெச்சிருந்தேன். கரையான் அரிச்சிடுச்சு. நிம்மதியாத்தான் இருந்தது, பொய் சொல்லல. ரெண்டாவது தடவை 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம். ஏரி, மதகு, கலங்கல்னு ஊரே பேசிக்கினு இருந்தப்ப இங்கயே எழுதிப் போட்டேன். அரை நாள்தான் இருந்தது. சித்தப்பா மவன் போன் பண்ணி, "செத்த மனுஷன் மேல எதுக்குடா சேத்தை வாரி ஊத்தற? உனக்குச் சோறு போட்ட கழனிடா அது"ன்னான். எடுத்துட்டேன். அவன் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. அந்த நவரை நெல்லுலதான் எனக்கு அந்த வருஷம் பள்ளிக்கூடச் சட்டை எடுத்தாங்க.

மூணாவது தடவை பேரெல்லாம் மாத்தி கதையா எழுதிப் பார்த்தேன். அதுல நீர்கட்டி தெய்வம் மாதிரி ஆயிட்டார், நைனா சினிமா வில்லன் மாதிரி ஆயிட்டார். ரெண்டும் இல்ல. நைனா ரெண்டு வருஷமா கூட்டுறவு சொசைட்டிக் கடன் கட்ட முடியாம இருந்தவர். நீர்கட்டி முன்கோபக்காரர், கள்ளு குடிச்சா கெட்ட வார்த்தையா வரும். இதையெல்லாம் விட்டுட்டா அது எங்க ஊரே இல்ல. இன்னொரு விஷயமும் இருந்தது. அந்தக் கதையில விளக்குப் பிடிச்ச பையனே இல்ல. நான் அவனை எடுத்துட்டேன்.

கி.ரா.வைப் படிச்ச பிறகுதான் அது உறைச்சுது. 'கதவு'ன்னு அவர் கதை ஒண்ணு இருக்கு. தீர்வை கட்டாத வீட்டுக் கதவைத் தலையாரி பேத்துக்கினு போயிடறான். கஷ்டம் பெரியவங்களோடது. ஆனா கதையில நாம பார்க்கிறதெல்லாம், அந்தக் கதவுல தொத்திக்கினு பஸ் விளையாட்டு விளையாடின பசங்களைத்தான். அவங்க கண்ணு வழியாத்தான் அந்த வீடே தெரியுது.

சரி, இந்த ரெண்டு மாசத்துக் கதைக்கு வர்றேன். நீர்கட்டியோட பையன் திருமுல்லைவாயில் பக்கம் இருக்கார்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். நம்பர் கையில வெச்சுக்கினு பதினைஞ்சு நாள் போன் பண்ணல. அப்புறம் பண்ணினேன். ஊரு பேரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. நீர்கட்டி ஆவடியில மூட்டை தூக்கி, அப்புறம் ஒரு கம்பெனி கேட்டுல வாட்ச்மேனா இருந்து, 1998-ல செத்துட்டாராம். "ஊரைப் பத்திப் பேசவே மாட்டாருண்ணே. ஆனா எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வந்தா, கம்பை எடுத்துக்கினு நின்னுடுவாரு. கடைசி வூட்டுக் கொடத்தை மொதல்ல வைன்னுவாரு. எல்லார்கிட்டயும் சண்டை."

நான் சொல்லிட்டேன். ராத்திரி, விளக்கு, வைக்கோல், எல்லாம். அவர் கேட்டுக்கினு இருந்தார். மன்னிப்பு கேக்கலாம்னு நெனச்சேன். வார்த்தை வரல. கேட்டாலும் அது அவர் குடுக்கிறதா, அவங்க அப்பா குடுக்கிறதான்னு எனக்குத் தெரியல.

கடைசியில அவர், "அந்தப் பழைய மதகு இன்னும் இருக்காண்ணே?"ன்னார். இருக்குன்னேன். ஞாயித்துக்கிழமை வர்றேன், பசங்களுக்குக் காட்டணும்னார்.

மதகைச் சுத்தி சீமைக்கருவேலம் மண்டிக் கெடக்கு. பாம்பு வேற இருக்கும். நாளைக்கு விடிகாலையிலயே கத்தியை எடுத்துக்கினு போய் வழி வெட்டணும். சித்தப்பா மவனுக்கும் சொல்லியிருக்கேன், வர்றதும் வராததும் அவன் இஷ்டம்.