கலங்கல் தண்ணீரும் கிடாரமும்

உகந்தையில் இருந்து கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதையால் நடக்கும் எங்கள் கூட்டத்துக்குச் சமைத்தவன் நான். முழங்கால் இடம் தராததால் இந்த வருடம் கிடாரத்தை மருமகனிடம் கொடுத்தேன். “கிடாரம் எதுக்கு மாமா? வழியெல்லாம் அன்னதானம் குடுக்கிறாங்க. நாலு நூடில்ஸ் பக்கெட் இருந்தாக் காணும்” என்றான். பக்கத்தில் இருந்த பொடியன்மாரும் தலையாட்டினார்கள்.

காட்டுச் சமையலுக்குத் திட்டம் போடுவது என்றால் அரிசியை நிறுப்பது என்று நினைக்கிறார்கள். அது யாருக்கும் வரும். ஆளுக்கு ஒரு நேரத்துக்கு 150 கிராம், நடக்கிறவர்களுக்கு மேலே ஒரு பிடி. பட்டியல் தொடங்க வேண்டியது தண்ணீரில் இருந்து. குமண, யால காடுகள் ஆடி மாதத்தில் காய்ந்து கிடக்கும். கும்புக்கன் ஆற்று மணலில் ஊற்றுக் கிண்டினால் நல்ல தண்ணீர் வரும். பருப்பு, பூசணிக்காய்க் கறி, தேங்காய்ப்பால் சொதி எல்லாவற்றையும் அங்கேயே முடித்துவிட வேண்டும். தோள்பாரமும் குறையும். உவர்த் தண்ணீரில் பருப்பை ஏற்றினால் விறகுதான் எரியும். அதிலுள்ள கல்சியம் பருப்பை மசியவிடாது. அப்படியான இடங்களுக்கு அவலும் பொரிமாவும் சர்க்கரையும்.

பாதையில் வியாழை என்ற இடத்துப் பக்கம் போனால் எருமை படுத்துக் கலக்கிய மடுத்தான். அந்தத் தண்ணீரைச் சமையலுக்கு ஆக்குவதை எனக்குப் பழக்கியவ என் பெத்தா. முதலில் என்னை அகப்பையைத் தொடவே விடவில்லை, தண்ணீர் மட்டும்தான் என் வேலை. தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கத்தில் உரைத்து, கலங்கலை ஊற்றி, மூடிவைக்க வேண்டும். சேறு திரண்டு அடியில் இறங்கும். உரைப்பு குறைந்தால் தெளியாது. கூடினாலும் தெளியாது, அதுதான் பலருக்குத் தெரியாத இடம். எத்தனை சுற்று உரைக்க வேண்டும் என்று பெத்தா ஒருநாளும் சொன்னதில்லை. செம்மண் கலங்கலுக்கு ஒரு அளவு, கருஞ்சேற்றுக்கு வேறு அளவு. ஒரு பேணியில் கொஞ்சம் எடுத்து முதலில் பரீட்சித்துப் பார்ப்பா. அதற்குப் பிறகுதான் பானை. தெளிந்ததை ஆட்டாமல் வார்த்து, வேட்டித் துணியால் வடித்து, நன்றாகக் கொதிக்கவைத்த பிறகுதான் அதில் அரிசி விழும். தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தத் தண்ணீர் இல்லை என்று திட்டித் திட்டிச் சொல்லுவா. சமையல் பொழுது சாய முன் முடிந்துவிட வேண்டும். அரிசி மூட்டை தேடி யானை வரும் காடு அது.

அன்னதானம் கொடுக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அங்கே வரிசையில் முந்துகிறவன் சாப்பிடுவான். கால் கொப்பளித்துப் பின்னால் வரும் அம்மாவுக்குக் கிடாரத்தின் அடிதான் மிஞ்சும். யாருக்குச் சீனி வருத்தம், யார் ஒருநேர விரதம், யாருக்குப் பல் இல்லை என்று பரிமாறுகிறவருக்கு எப்படித் தெரியும்? கூட்டத்துச் சமையற்காரனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கடைசிச் சாமி வந்து சேரும்வரை அவன் சாப்பிடவும் கூடாது. இப்போது பக்கெட்டைக் கிழித்து, தின்று, பொலித்தீனை மரத்தடியில் போட்டுவிட்டு நடக்கிறார்கள். மானும் அதைத் தின்னும். விரதம் இருந்து நடக்கிற பாதையில் இதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

மருமகனின் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். தேத்தாங்கொட்டை இல்லை. கேட்டதற்கு “குளோரின் குளிசை இருக்கு மாமா” என்றான். குளிசை கிருமியைக் கொல்லும், சேற்றை இறக்காது. கலங்கலில் போட்டால் அதன் வீரியமும் குறைந்துவிடும். முதலில் தெளியவைக்க வேண்டும், பிறகுதான் குளிசை. பெத்தா பேணியில் பார்த்ததை ஒருநாள் என்னோடு இருந்து பார்த்துவிட்டுப் போ என்றேன். நேரமில்லை என்றான்.