மழைக்கு ஒதுங்க எவ்வளவு?

கோப்பன்ஹேகனில் மழை கொட்டுவது அபூர்வம். ஓர் ஆண்டு முழுவதும் அங்கே பெய்வதைச் சேர்த்தாலும், கோலாலம்பூர் மழையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் நம் ஊர் மழை ஒரு மணி நேரம் அடித்து ஊற்றிவிட்டுப் போய்விடும். டென்மார்க்கின் நவம்பர் மழையோ காலையில் தூறத் தொடங்கினால் இரவு வரை விடாது. காற்று பக்கவாட்டில் அடிப்பதால் குடையை விரித்த கையோடு மடக்க வேண்டியதுதான். மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

அந்த ஊரில் கைக்காசைக் கரைப்பது இந்தத் தூறல்தான். நடுங்கிக்கொண்டு ஒரு காப்பிக்கடைக்குள் ஒதுங்கினால் ஒரு கோப்பை 45 குரோனர், ஏறக்குறைய 30 ரிங்கிட். இரண்டு பேர் நாளைக்கு மூன்று தடவை ஒதுங்கினால் 180 ரிங்கிட். காப்பி என்று பெயர். உண்மையில் கூரைக்குக் கொடுக்கும் வாடகை.

நான் போனது அம்மாவோடு. பணி ஓய்வில் கிடைத்த இபிஎஃப் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, முழங்கால் இன்னும் மோசமாவதற்குள் ஐரோப்பாவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பியவர். விலைப்பட்டியலைப் பார்த்ததும் மனத்துக்குள்ளேயே ரிங்கிட் கணக்குப் போட்டுவிட்டு, "எனக்குப் பசிக்கலம்மா" என்பார். இப்படிச் சொல்லும் அம்மாக்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அதனால் காசு கேட்காத கூரைகளைத் தேடுவதே என் வேலையாயிற்று.

முதலாவது, 'கறுப்பு வைரம்'. அரச நூலகத்துக்காகத் துறைமுகக் கரையில் 1999-இல் திறந்த கட்டடம். உள்ளே நுழையக் கட்டணமில்லை. கதகதப்பு, நாற்காலி, கழிப்பறை எல்லாம் உண்டு. ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் தண்ணீர்மேல் தண்ணீர் விழுவதைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் இருந்தோம். இன்னொரு நாள், லட்சக்கணக்கான மஞ்சள் செங்கற்களால் கட்டி 1940-இல் முடித்த குருண்ட்விக் தேவாலயம். அதுவும் இலவசம். கடற்கன்னி சிலையைப் பற்றிக் கேட்பீர்கள். பார்த்தோம். சின்னது, திறந்தவெளி, ஒதுங்க இடமில்லை.

காசு கொடுத்தும் போகவேண்டிய இடம் 1642-இல் கட்டி முடித்த வட்டக் கோபுரம். உள்ளே படிக்கட்டுக்குப் பதில் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை; 1716-இல் ரஷ்யப் பேரரசர் பீட்டர் குதிரையிலேயே ஏறினாராம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல கோபுரம் கிடையாது. உச்சியில் மட்டும் சில குறுகிய படிகள். அம்மா அவற்றையும் விடவில்லை.

சாப்பாட்டுக்குச் சமையலறை உள்ள விடுதியே வழி. காலையில் கம்பு ரொட்டியும் சீஸும் பசியாறினோம், இரவில் சோறும் நெத்திலிச் சம்பலும். இறைச்சி, பால் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பெட்டியில் கொண்டு போகக்கூடாது. நெத்திலி மீன் கணக்கில் தப்பித்தது. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். ரொட்டிக்கடைகளில் மிஞ்சியதைக் கடை மூடும் நேரத்தில் மலிவாகத் தரும் 'டூ குட் டு கோ' செயலி பிறந்த ஊரே இதுதான். மிச்சம் பிடிக்கக்கூடாதது ஒன்றே: நீர் புகாத காலணி.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. டிக்கெட் வாங்கிய ஒரு பெரியவருடன் 12 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள் பேருந்திலும் ரயிலிலும் இலவசமாகப் போகலாம். அதே டிக்கெட் துறைமுகப் படகுப் பேருந்துக்கும் செல்லும். சுற்றுலாப் படகுக்குத் தனியாகச் செலவழிப்பதைவிட இதுவே மேல்.

கடைசி நாள் அந்தப் படகில் ஏறினோம். கிறிஸ்டியான்ஸ்ஹாவ்ன் பக்கம், 'ஆசியச் சதுக்கம்' என்ற கரையில் ஒரு பழைய கிடங்கு. தரங்கம்பாடிக்கும் சீனாவுக்கும் கப்பல் அனுப்பிய டேனிஷ் ஆசியக் கம்பெனியுடையது அது. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா கம்பளித் துண்டை இறுக்கிக்கொண்டு அந்தக் கட்டடத்தையே பார்த்தார். "இந்தக் குளுருல இருந்தவங்க அங்க போயி, அந்த வெயில்ல என்னா பாடு பட்டிருப்பாங்களோ!"

எங்கள் நிறுத்தம் வந்தது. தூறல் விடவில்லை. டிக்கெட்டில் இன்னும் நேரம் இருந்ததால் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போனோம்.