ஜாங்கிரிக்குத் தூக்கம் வரலை

பூனை ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துலேர்ந்து 16 மணி நேரம் வரைக்கும் தூங்கும். "அதுக்கு வேலையே அதுதானே, இதுக்கு ஒரு பதிவா?"ன்னு நீங்க கேக்கறது காதுல விழுது. மேட்டர் எவ்வளவு நேரம் தூங்குதுங்கறதுல இல்லை மக்களே, எப்போ தூங்குதுங்கறதுல இருக்கு.

ராத்திரி பூரா பூனை முழிச்சிருக்கும்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டிருக்கோம். உண்மையில அது அந்தியிலயும் விடியற்காலையிலயும்தான் ரொம்ப சுறுசுறுப்பு. வீட்டுப் பூனையோட மூதாதை மேற்காசியக் காட்டுப்பூனைன்னு 2007-ல் வந்த மரபணு ஆய்வு சொல்லுது. எலியும் குருவியும் நடமாடுற நேரம்தான் அதுக்கு ஆபீஸ் நேரம். காலைல 4 மணிக்கு நம்ம மூஞ்சில பாதத்தை வைக்கிறது திமிர் இல்லை, டியூட்டி.

ஆனா எங்க வீட்டு ஜாங்கிரிக்கு வந்தது இந்த டியூட்டி முழிப்பு இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க மாடிப்படியில நனைஞ்சு நடுங்கிக்கிட்டிருந்த குட்டியை அப்பாதான் துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்தார். ஆரஞ்சு கலரு, அதனால ஜாங்கிரி. அன்னிலேர்ந்து அப்பா கட்டில்ல கால்மாட்டுலதான் படுக்கை. அப்பா போனதும், காரியமெல்லாம் முடிஞ்சு கட்டிலை தானமா கொடுத்தாச்சு. வேட்டி சட்டையெல்லாம் மூட்டை கட்டி வேண்டியவங்களுக்குப் போயாச்சு. ரூமையும் பினாயில் போட்டுக் கழுவி விட்டாச்சு. வழக்கமா எல்லா வீட்டுலயும் செய்யறதுதான்.

அதுக்கப்புறம் தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஜாங்கிரி அந்த ரூமுக்குப் போகும். கட்டில் இருந்த இடத்தை ரெண்டு சுத்து சுத்தும். அப்புறம் அடிவயித்துலேர்ந்து ஒரு கத்தல். ஏற்கெனவே தூக்கம் வராத அம்மா, அந்தக் கத்தலைக் கேட்டதும் எழுந்து உக்காந்துடுவாங்க. அப்புறம் விடியற வரைக்கும் ரெண்டு பேரும் முழிச்சிருப்பாங்க. சித்தப்பா வந்து பாத்துட்டு, "கோணியில போட்டு மீன் மார்க்கெட்ல விட்டுட்டு வந்துடுடா, அண்ணி உடம்பு முக்கியம்"னார். அம்மா ஒண்ணும் சொல்லலை. வேணாம்னும் சொல்லலை, அதான் எனக்கு பயமாப் போச்சு. "ஒரு மாசம் டைம் குடுங்க சித்தப்பா"ன்னேன்.

முதல்ல வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனேன். பத்து வயசு தாண்டின பூனை ராத்திரியில கத்தினா அது ஏக்கம்னு நாமளே முடிவு பண்ணிடக் கூடாது. தைராய்டு அதிகமா சுரக்கறது, ரத்தக் கொதிப்பு, மூட்டு வலி, காது மந்தம், வயசான மூளையோட குழப்பம்னு எதுவா வேணா இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில எல்லாம் சரியா இருந்தது. டாக்டர் கேட்ட கேள்விதான் முக்கியம்: "வீட்டுல சமீபத்துல என்ன மாறிச்சு?" சொன்னேன். "அப்போ அதுக்கு வீட்டோட வாசனையே மாறிடுச்சு"ன்னார்.

பூனைக்குக் கன்னத்துலயும் பாதத்துலயும் வாசனைச் சுரப்பிகள் இருக்கு. அது நம்ம கால்ல, கட்டில் கால்ல உரசறது கொஞ்சறதுக்கு மட்டும் இல்லை, இது என் இடம்னு கையெழுத்து போடறது. அந்தக் கையெழுத்து மொத்தத்தையும் நாங்க பினாயில்ல கழுவியிருந்தோம். அது மட்டுமில்லை, ஃபீனால் கலந்த கறுப்பு பினாயில் பூனைக்கு விஷம். அதை உடைச்சு வெளியேத்துற சக்தி பூனையோட ஈரலுக்குக் கம்மி. அதே காரணத்தாலதான் பாரசிட்டமால் அரை மாத்திரை கூட அதோட உயிரை எடுத்துடும். தூங்கட்டும்னு நம்ம மாத்திரை எதையும் கொடுத்துடாதீங்க.

அன்னியோட பினாயில் நின்னுச்சு. ஒரு அட்டைப்பெட்டியை அந்த ரூம் மூலையில வெச்சேன். 2014-ல் நெதர்லாந்துல ஒரு காப்பகத்துல பாத்திருக்காங்க, புதுசா வந்த பூனைகள்ல ஒளிஞ்சுக்க அட்டைப்பெட்டி கிடைச்சதுங்க மத்ததுகளை விட சீக்கிரமா நிலைக்கு வந்துச்சாம். பெட்டியை ஏ.சி. காத்து படாத இடத்துல வைக்கணும். பூனையோட உடம்புச் சூடு 38 டிகிரிக்கு மேல. நமக்கு வேர்த்துக் கொட்டுற 30 டிகிரி அதுக்கு சுகம்.

அடுத்தது வரிசை. பூனையோட நாள் வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் பண்றது, தூக்கம்னு போகும். பத்து மணிக்கு ஒரு குச்சியில கயிறு கட்டி கால் மணி நேரம் ஓட விடுவேன். கடைசியில கயிறை அது பிடிக்க விட்டுடணும், இல்லைன்னா வேட்டை முடிஞ்ச திருப்தி வராது. முடிஞ்சதும் கயிறை எடுத்து உள்ள வெச்சிடணும், முழுங்கினா குடலை அறுத்துடும். உடனே உப்பு போடாம வேக வெச்ச மீன். ராத்திரி பால் வேணாம். வளர்ந்த பூனை நிறையதுக்குப் பால் ஜீரணமாகாது, வயித்தாலதான் போகும். குப்பைமேனிக்குப் பூனைவணங்கின்னு ஒரு பேரு உண்டு, அதோட வேருக்குப் பூனை மயங்கிப் புரளும்னு பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னாங்க. நிஜம்தான். ஆனா அது போதை மாதிரி கும்மாளம், தூக்கம் இல்லை. அதனால விட்டுட்டேன்.

விடியக்காலம் கத்தினா எழுந்து சாப்பாடு போடக் கூடாது. கத்தினா கிடைக்கும்னு ஒரு தடவை புரிஞ்சுட்டா அப்புறம் தினமும் அலாரம்தான். முதல் நாலஞ்சு நாள் முன்னைவிட அதிகமா கத்தும், பல்லைக் கடிச்சுக்கணும். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் காத்திருக்காதீங்க. ஆண் பூனை மண் பெட்டியில திரும்பத் திரும்ப உக்காந்து முக்கி, மூத்திரம் வராமக் கத்தினா, எந்த நேரமா இருந்தாலும் டாக்டர்கிட்ட ஓடுங்க. அடைச்சிருந்தா ரெண்டு நாள் கூடத் தாங்காது.

இவ்வளவும் செஞ்சும் ஜாங்கிரி பெட்டியை எட்டிப் பாக்கும், மோந்து பாக்கும், திரும்பிப் போயிடும். பழைய வாசனை ஏதாவது வேணும்னு டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவோட துணி ஒண்ணு கூட வீட்டுல இல்லையேன்னு அம்மாகிட்ட சொன்னேன். அம்மா பேசாம எழுந்து போய், தன் தலகாணி உறைக்குள்ளேர்ந்து அப்பாவோட துண்டு ஒண்ணை எடுத்தாங்க. துவைக்காதது. எட்டு மாசமா அங்கதான் இருந்திருக்கு, எங்க யாருக்கும் தெரியாது.

கொஞ்ச நேரம் கையில வெச்சிருந்தாங்க. அப்புறம் நடுவுல பல்லால கடிச்சு, ரெண்டாக் கிழிச்சு, ஒரு பாதியைப் பெட்டியில விரிச்சாங்க. இன்னொரு பாதியை மடிச்சு மறுபடியும் தலகாணிக்குள்ளயே வெச்சுக்கிட்டாங்க.

அன்னிக்கு ஜாங்கிரி பெட்டிக்குள்ள போய் முன்னங்காலால துண்டைப் பிசைஞ்சு பிசைஞ்சு, மூக்கை அதுல புதைச்சுப் படுத்துச்சு. மூணு வாரத்துல ராத்திரி ரெண்டு மணிக் கத்தல் நின்னுடுச்சு. இப்போ பத்தரைக்குப் படுத்தா நாலரைக்குத்தான் எழுந்திரிக்குது. அந்த நாலரை டியூட்டி, அதை மன்னிச்சு விட்டாச்சு. சித்தப்பாவும் கோணிப்பேச்சை எடுக்கறதில்லை.

பெட்டி எவ்வளவு அழுக்கானாலும் அந்தத் துண்டை மட்டும் துவைக்கக் கூடாதுன்னு அம்மா ஆர்டர்.